சும்மா ஒரு கையெழுத்து

மார்ச் 1, வெள்ளி

இன்று முதல் இந்த நாட்டில் பெண்கள் வரலாற்று மாதமாம். எங்கள் வீட்டில் வருஷம் பூராவும் அந்த மாதம்தான் என்பதால் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வேலைக்குப் போவது சுகந்தி. விசா அவளுடையது. வங்கிக் கணக்கு அவளுடையது, அதில் என் பெயர் துணைக்கு நிற்கிறது. என்னுடையது மனைவியைச் சார்ந்து வாழ்பவருக்கான விசா. அதில் வந்தவன் சம்பளத்துக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது. செய்யாமல் இருப்பதற்காக ஒருவனைக் கடல் தாண்டிக் கூட்டி வருவது இந்த அரசாங்கத்தின் பெருந்தன்மை.

திருப்பூரில் நான் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர். டெக்ஸ்டைல் டிப்ளமோ, இரண்டு அரியரோடு. சுகந்தி இன்ஜினியர். எனக்கு இருந்த ஒரே தகுதி, அவள் என் மாமன் மகள். இப்போது ஒஹாயோவில் நான் தோசை மாஸ்டர், துணி துவைக்கும் மாஸ்டர், பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடும் மாஸ்டர்.

மகள் இதழினி ஐந்தாம் வகுப்பு. அவள் டீச்சர் காவல்ஸ்கி அம்மா, மெழுகு மியூசியம் என்று ஒன்றை அறிவித்திருக்கிறார். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புகழ்பெற்ற பெண்மணியைப் போல உடை போட்டுக்கொண்டு சிலையாக நிற்க வேண்டும். காலடியில் ஒரு காகிதப் பொத்தான். பார்க்க வருகிறவர்கள் அதை மிதித்தால் சிலை ஒரு நிமிஷம் பேசிவிட்டு மறுபடி உறைந்துவிடும். யார் யாருக்கு எந்தப் பெண்மணி என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்திருக்கிறார்கள். விண்வெளிக்குப் போனவர், விமானம் ஓட்டியவர் எல்லாம் மற்ற பிள்ளைகளுக்கு. என் மகளுக்கு வந்தது சார்லட் உட்வர்ட்.

"யாரு கண்ணு அது?"

"கிளவ்ஸ் தைக்கிறவங்க."

"அவ்வளவுதானா?"

"ஒரு பேப்பர்ல சைன் பண்ணினாங்க."

"சைன் பண்றதெல்லாம் ஒரு சாதனையா? உங்கம்மா தெனம் அம்பது சைன் பண்றா."

இதழினி என்னைப் பார்த்த பார்வையில் காவல்ஸ்கி அம்மா தெரிந்தார்.

மார்ச் 4, திங்கள்

நூலகம் போனோம். சார்லட்டைப் பற்றி எழுதியிருப்பதே ஒரு பக்கம்தான். பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பெண். வீட்டில் உட்கார்ந்து கையுறை தைப்பாள். கூலி வரும், ஆனால் அது அவளுடையதில்லை. அந்தக் காலச் சட்டப்படி கல்யாணம் ஆகாதவள் சம்பாத்தியம் அப்பனுக்கு, ஆனவள் சம்பாத்தியம் புருஷனுக்கு. 1848-ல் ஒரு சர்ச்சில் கூட்டம் போட்டு, ஆணுக்கு இருக்கிற உரிமையெல்லாம் பெண்ணுக்கும் வேண்டும் என்று ஒரு தாள் எழுதியிருக்கிறார்கள். அறுபத்தெட்டுப் பெண்களும் முப்பத்திரண்டு ஆண்களும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். அதில் ஒருத்தி சார்லட். பத்திரிகைக்காரர்கள் கேலி செய்யவும், போட்டவர்களில் சிலர் பெயரை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள்.

"வாபஸ் வாங்கினதுல ஜென்ஸ் இருந்தாங்களாப்பா?"

"புத்தகத்துல போடலை கண்ணு. எனக்குத் தெரிஞ்சு முதல்ல ஓடினது நாங்களாத்தான் இருக்கும்."

வீட்டுக்கு வந்து அரிசி களைந்துகொண்டிருக்கும்போது திருப்பூரிலிருந்து அண்ணன் தங்கவேல் கூப்பிட்டார். அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அம்மா அதற்கும் முன்னாலேயே. உயில் எதுவும் எழுதவில்லை. அண்ணன் இப்போது வீட்டுக்குப் பின்னால் இருக்கிற இடத்தில் லைன் வீடு கட்டி வாடகைக்கு விடப் போகிறார். லோனுக்குப் போனால் பேங்கில் வாரிசு எத்தனை பேர் என்று கேட்டார்களாம். மூன்று பேர். அண்ணன், வசந்தாமணி அக்கா, நான்.

"நீ உன் பங்குக்கு எம் பேர்ல பவர் எழுதி அனுப்பிப்போடு. வசந்தாவுக்கு ஒரு விடுதலைப் பத்திரம். எனக்குப் பங்கு வேண்டாம்னு சும்மா ஒரு கையெழுத்து. ஒரு பட்டுச்சேலை எடுத்துக் குடுத்தர்லாம். எல்லா வீட்லயும் அதான வழக்கம்."

"அக்காகிட்ட நீங்களே சொல்லீருங்ணா."

"நாஞ் சொன்னா மாப்பிள்ளையக் கேட்டுட்டு வர்றேம்பா. நீ சொன்னாத் தலையாட்டீட்டு வந்துருவா. உன்னையத் தூக்கி வளத்தவ."

அண்ணன் சொல்வது நியாயம்தான். அப்பா கட்டிய வீடு. அதில் இருந்து பார்த்துக்கொள்வது அண்ணன். அக்காவுக்குத்தான் கல்யாணத்தில் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்றே. இந்த நான்கு வரியை மூன்று முறை படித்துப் பார்த்தேன். மூன்று முறையும் நியாயமாகவே இருந்தது.

மார்ச் 7, வியாழன்

சார்லட்டுக்குக் கையுறை வேண்டும். கடையில் கிடைப்பது பனிக்கு மாட்டுகிற கரடிக்கை. நானே தைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மா பழைய சாமான் விற்றபோது வாங்கிய தையல் மெஷின் இருக்கிறது. சம்பளம் வாங்காமல் தைப்பதால் குடிவரவுத் துறை மன்னிக்கும் என்று நம்புகிறேன்.

மார்ச் 9, சனி

கையுறையில் ஒரு சிக்கல். எனக்கு ஒரு ஜோடி மட்டும் வெட்டத் தெரியவில்லை. இருபது வருஷம் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே பேட்டர்ன் வைத்து, மொத்தமாக வெட்டிய கை. அஞ்சு விரலும் வந்ததும் அதுவாகவே அடுத்த அளவுக்குப் போகிறது. நிமிர்ந்து பார்த்தபோது இருபத்துநாலு ஜோடி விழுந்திருந்தது. சின்னது ஆறு, நடுத்தரம் பன்னிரண்டு, பெரியது ஆறு. எக்ஸ்போர்ட் விகிதம்.

"இது யாருக்கு மாமா, ஷிப்மெண்டா?" என்று கேட்டாள் சுகந்தி.

வகுப்பில் இருக்கிற எல்லாப் பெண்மணிகளுக்கும் கொடுத்துவிடலாம் என்று முடிவானது. விண்வெளிக்குப் போனவருக்கும் ஒரு ஜோடி.

மார்ச் 10, ஞாயிறு

காலையில் அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். நலம் விசாரிப்பில் பத்து நிமிஷம் போனது. அவள் முழங்கால், மச்சானுடைய சர்க்கரை, ஆவணியில் வைத்திருக்கிற அவள் மகள் கீர்த்தனா கல்யாணம், என் முடி. வீடியோவில் என் தலையைப் பார்த்து, "அந்தூருத் தண்ணி ஆவலியா தம்பி?" என்றாள். திருப்பூரில் இருக்கும்போதே கொட்டிவிட்டது என்பதை மறந்துவிடுவாள்.

"அக்கா, இருபத்தொண்ணாந்தேதி அண்ணன் பத்திர ஆபீசுக்கு வரச் சொன்னாங்க. ஒரு சின்னக் கையெழுத்து."

"எதுக்குடா?"

"வீட்டு வரி பேரு மாத்தறதுக்கு."

"அதுக்கு நானெதுக்கு?"

"வாரிசுக எல்லாரும் போடோணுமாம். அண்ணன் உனக்குப் பட்டுச்சேலைகூட எடுக்கறாங்க."

"நீ சொன்னாச் சரி" என்றாள்.

பொய் இல்லை. வரியும் ஒரு நாள் மாறத்தானே போகிறது.

மார்ச் 11, திங்கள்

மடிக்க வேண்டிய துணி: இரண்டு கூடை. மடித்தது: ஒன்றும் இல்லை.

மார்ச் 13, புதன்

காவல்ஸ்கி அம்மா இன்னொரு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார். உங்கள் குடும்பத்தில் வேலைக்குப் போன ஒரு பெண்ணிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதி வரவும். சுகந்தியைத்தான் கேட்பாள் என்று நான் நிம்மதியாக இருந்தேன். அம்மா வேலை போரடிக்கும் என்று பள்ளிக்குக் கிளம்பும் முன் அத்தையைக் கூப்பிட்டுவிட்டாள். நான் அடுப்படியில் சட்னிக்குத் தேங்காய் கீறிக்கொண்டிருந்தேன்.

"அத்தை, ஃபர்ஸ்ட் கொஸ்டின். நீங்க என்ன ஜாப் பண்ணினீங்க?"

"பனியன் கம்பெனில ஓவர்லாக் டைலர் கண்ணு. பதினாறு வயசுல போனேன். கல்யாணம் ஆகற வரைக்கும் பத்து வருஷம்."

"செகண்ட். உங்க சாலரியை என்ன பண்ணினீங்க?"

"சனிக்கெழமெ சனிக்கெழமெ கவர்ல போட்டுக் குடுப்பாங்க. அப்படியே கொண்டாந்து எங்கப்பங்கிட்ட, உங்க அப்பாருகிட்டக் குடுத்துருவேன்."

"எவ்ளோ இருக்குன்னு பாக்க மாட்டீங்களா?"

"ஒட்டுன கவர எதுக்குக் கண்ணு பிரிச்சுட்டு?"

"அப்பாரு அதை என்ன பண்ணுவாங்க?"

"ஊடு கட்டுனாங்க. மொதல்ல ஓட்டு வீடுதான். என்ற கவர் வந்ததுக்கப்புறந்தான் தார்சுக் கூரை போட்டாங்க."

"லாஸ்ட் கொஸ்டின். உங்களுக்குன்னு எதாவது கேட்டீங்களா?"

"ஒருக்கா ஒரு வாட்ச் கேட்டேன்."

"வாங்கித் தந்தாங்களா?"

"அந்த மாசம் உங்கொப்பனுக்குக் காலேஜ் பீஸு கட்டோணும்னாங்க. அதுக்கென்ன, நம்ம புள்ளை படிச்சாச் செரின்னு உட்டுட்டேன்."

நான் மிக்சியைப் போட்டேன். இன்றைக்குச் சட்னி ரொம்ப மையாக அரைந்துவிட்டது. இதழினி டோஸ்டை அதில் தொட்டுக்கொண்டே எழுதினாள். பிறகு நிமிர்ந்து, "அப்பா, அத்தையும் சார்லட்டும் சேம் சேம்" என்றாள்.

"அது அமெரிக்கா, இது திருப்பூர். ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?" என்றேன். சரித்திரத்தில் எனக்கு இருக்கும் பிடிப்பு எனக்கே வியப்பாக இருந்தது.

மார்ச் 16, சனி

ஒத்திகை. இதழினி பழைய போர்வையில் நான் தைத்த நீளப் பாவாடை, தொப்பி, கையுறையோடு ஹாலில் சிலையாக நின்றாள். பாவாடையில் பக்கவாட்டுத் தையல் கொஞ்சம் நைட்டி மாதிரி வந்துவிட்டது. 1848-ல் நைட்டி இல்லை என்று யாரும் நிரூபிக்க முடியாது.

பொத்தானை மிதித்தேன். சிலை பேசியது. பேசி முடித்ததும் சிலையே என்னிடம் ஒரு கேள்வி கேட்டது.

"அப்பா, உனக்கும் சொந்தமா சாலரி இல்ல, கார்டு அம்மா பேர்ல. அம்மா சைன் பண்ணாம எதுவும் பண்ண முடியாது. அப்போ நீயும் சார்லட்டா?"

"ஆமாங்கண்ணு. எனக்கும் ஒரு சர்ச்சுல கூட்டம் போடுங்க."

சுகந்தி சிரித்தாள். சிரித்துவிட்டு, "வசந்தா அண்ணிக்கு என்ன கலர்ல சேலை எடுக்கறாங்களாம்?" என்று கேட்டாள். அவளிடம் நான் சொல்லவில்லை. அண்ணன் மனைவி சொல்லியிருக்க வேண்டும், அல்லது ஊரே சொல்லியிருக்க வேண்டும்.

"தெரியல."

"எங்கப்பா இன்னும் என்கிட்டக் கேக்கலை மாமா. தம்பிக்கு எழுதிக் குடுன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

அந்த நேரம் பார்த்து துணி உலர்த்தும் மெஷின் மணி அடித்தது. நல்ல மெஷின். அழைத்தால் போகத்தான் வேண்டும்.

மார்ச் 18, திங்கள்

அண்ணன் சேலைப் படம் அனுப்பினார். மயில் கழுத்து நிறம், சிவப்புக் கரை. கீழே, "போதுமில்ல?" என்று ஒரு வரி. நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பினேன். அந்தப் பொம்மைக்கு முதுகெலும்பு கிடையாது, விரல் மட்டும்தான். அனுப்புகிறவனுக்குப் பொருத்தமாகத்தான் செய்திருக்கிறார்கள்.

மார்ச் 20, புதன்

மெழுகு மியூசியம் இரண்டு மணிக்கு. சாப்பாட்டுக் கூடத்தில் சுவரை ஒட்டி இருபத்திரண்டு பெண்மணிகள் நின்றார்கள். எல்லார் கையிலும் என் கையுறை. விண்வெளிக்குப் போனவர் முன்னால் வரிசை. விமானம் ஓட்டியவர் முன்னால் இன்னும் பெரிய வரிசை. சார்லட்டைக் குப்பைத் தொட்டிக்கும் கதவுக்கும் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். அவள் பொத்தானை யாரும் மிதிக்கவில்லை. கதவைத் தேடி வந்த ஒரு தாத்தா மட்டும் தெரியாமல் மிதித்துவிட்டு, அவள் பேச ஆரம்பித்ததும் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டார்.

நான் போய் மிதித்தேன்.

"என் பெயர் சார்லட் உட்வர்ட். நான் கையுறை தைக்கிறேன். உழைப்பு என்னுடையது, கூலி என்னுடையதில்லை" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தது சிலை. கூட்டம், தாள், கையெழுத்து, கேலி, வாபஸ் வாங்கியவர்கள். "நான் வாபஸ் வாங்கவில்லை. பெண்களுக்கு ஓட்டு வர எழுபத்திரண்டு வருஷம் ஆனது. கையெழுத்துப் போட்டவர்களில் அப்போது உயிரோடு இருந்தது நான் ஒருத்திதான். உடம்பு முடியாமல் நான் ஓட்டுப் போடப் போகவில்லை."

ஒத்திகையில் இவ்வளவுதான். ஆனால் சிலை உறையவில்லை.

"என் அத்தை பெயர் வசந்தாமணி. அவரும் பத்து வருஷம் தைத்தார். அந்தப் பணத்தில் ஒரு வீடு இருக்கிறது. அதில் என் அப்பா வளர்ந்தார். நன்றி."

உறைந்தது.

ஒஹாயோவில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், என் அக்கா பெயர். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று மறுபடி மிதித்தேன். மொத்தம் ஆறு முறை மிதித்தேன். நாலாவது முறை சிலை உதட்டை அசைக்காமல், "அப்பா, போதும்" என்றது.

காவல்ஸ்கி அம்மா வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படி ஒரு தகப்பன் கிடைக்க இந்தப் பெண் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "நோ, நோ" என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே வியாழன் விடிகாலை. பத்திர ஆபீஸ் திறக்க ஐந்து மணி நேரம் இருந்தது.

"அக்கா, அது வரிக்கு இல்லை. விடுதலைப் பத்திரம். உனக்குப் பங்கு வேண்டாம்னு எழுதிக் குடுக்கறது."

"தெரியும் தம்பி."

"எப்படித் தெரியும்?"

"வரி மாத்தறதுக்கு எவன்டா பட்டுச்சேலை எடுப்பான்?"

"தெரிஞ்சுமா போடப் போறே?" என்றேன்.

"போடாம? ஆவணில கீர்த்தனா கல்யாணம். மாமன் சீர் தூக்கீட்டு நீங்க ரெண்டு பேரும் வந்து நிக்கோணும். பங்கு வாங்குனவ வாசல்ல எந்த அண்ணன் வந்து நிப்பான்? நம்ம தெருவுல கருணாம்பாளக்கா வாங்குனா. அவ புள்ளைக்கு மாமன் மாலை போட ஆளில்லாமப் பக்கத்து ஊட்டுக்காரனக் கூப்புட்டாங்க. மறந்துட்டியா?"

"நான் வர்றேன்கா."

"வந்தா அமெரிக்காக்காரன் திரும்ப உள்ள உடுவானோ மாட்டானோன்னு அம்மா சாவுக்கே நீ வரல."

அது உண்மைதான். அதை நான் இந்த டைரியில் எழுதவில்லை.

"போடாதேக்கா," என்றேன்.

"போன வாரம் போடுன்னே. இப்பப் போடாதேங்கறே. ரெண்டும் நீயே சொல்றே. எனக்கென்ன வேணும்னு எப்படா கேப்பே?"

நாற்பத்திரண்டு வருஷமாக அவளுக்குத் தம்பி. என் வாழ்க்கையில் அவளிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். பென்சில், சைக்கிள், பீஸ். அந்த ஒன்றைக் கேட்டதில்லை.

"உனக்கு என்னக்கா வேணும்?"

"பால்காரன் வந்துட்டான்," என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 21, வியாழன்

காலை ஏழு மணிக்கு அண்ணன். வணக்கம் எல்லாம் இல்லை.

"உங்கக்கா வந்தா. சேலையும் கட்டீட்டுத்தான் வந்தா. பத்திரம் எழுதறவரைப் பூராத்தையும் சத்தமாப் படிக்கச் சொன்னா. நாலு பக்கம். படிச்சு முடிச்சா, இன்னொருக்காப் படிங்கங்கறா. ஆபீஸே எங்களையப் பாக்குது. அப்புறம், 'இதுல நான் பத்து வருஷம் சம்பாரிச்சது எந்தப் பக்கத்துல வருதுங்க?'ன்னு கேட்டா. அந்தாளு என்ற மூஞ்சியப் பாக்கறான். யோசிச்சுட்டு வர்றேன்னுட்டு டவுன் பஸ் ஏறிப் போயிட்டா. நீ என்னத்தடா சொன்னே அவகிட்ட?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்ணா. கேட்டேன்."

"என்னத்தக் கேட்டே?"

"என்ன வேணும்னு."

"அமெரிக்காவுல உனக்குத் துணி தொவைக்கற வேலைதானடா? அதை மட்டும் பாரு," என்றார்.

தகவல் சரியாகத்தான் இருக்கிறது. போய் துணி போட்டேன்.

மார்ச் 22, வெள்ளி

குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து அண்ணன் வெளியேறினார். குழுவில் இப்போது அக்காவும் நானும், தினம் ஒரு காலை வணக்கப் பூவும்.

மார்ச் 24, ஞாயிறு

அக்காவே கூப்பிட்டாள். யோசித்துவிட்டாளாம்.

"மூணுல ஒண்ணு வேணும். வாய்ல சொல்றது வேண்டாம். அளந்து, கல்லு நட்டு, எம் பேருக்கு."

"சரிக்கா."

"அண்ணங்கிட்டயும் சொல்லீட்டேன். இனி உன்ற வாசப்படி மிதிக்க மாட்டேன், கல்யாணத்துக்கும் எதிர்பாக்காதேன்னு போயிட்டான்."

மழை வரும் என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். பிறகு கொஞ்சம் தள்ளி வேறு குரலில் கேட்டாள்.

"எனக்குப் பங்கும் வேணும், அண்ணனும் வேணுன்டா. ரெண்டும் கேக்கக் கூடாதா?"

காவல்ஸ்கி அம்மாவின் பாடத்தில் இதற்குப் பதில் இருக்கிறதா என்று தெரியவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

அண்ணனின் வக்கீலிடமிருந்து பவர் பத்திரத்தின் நகல் வந்திருக்கிறது. அக்கா வராவிட்டால் பரவாயில்லை, என் பவராவது உடனே வர வேண்டுமாம். என் பங்கைப் பொறுத்தவரை எனக்குப் பதிலாக அண்ணனே எங்கும் கையெழுத்துப் போடலாம் என்று மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறது. நான் செத்துப்போனேன் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

இதுவரை எந்தத் தாளையும் நான் முழுதாகப் படித்ததில்லை. கல்யாணப் பத்திரிகைகூட. இன்று அக்காவைப் போலச் சத்தமாகப் படித்தேன், இரண்டு தடவை. சுகந்தி மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். இந்தத் தாளில் அண்ணன் பெயர் ஆறு இடத்தில் வருகிறது. ஆறு இடத்திலும் வேறு யார் பெயரையும் எழுதலாம்.

"ஆவணில ஊருக்குப் போறேன் சுகந்தி. திரும்ப விடாமப் போனா?"

"விடலைன்னா அங்கிருந்தே எனக்குத் தோசை ஊத்தறது எப்படின்னு சொல்லுங்க. போய் நில்லுங்க மாமா."

விசாவுக்கு உரியவளே சொல்லிவிட்டாள்.

மார்ச் 28, வியாழன்

பத்து மணிக்கு பேங்கில் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். அதன்பின் தூதரகத்துக்குத் தபால், அங்கிருந்து திருப்பூர். தாளில் பெயரை மாற்றி அடித்து வைத்திருந்தேன். ஆனால் கிளம்பும் முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. இந்தத் தடவை முதலில் கேட்டுவிடலாம் என்று அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, என் பங்குக்கு நீ பவர் வாங்கிக்கறியா? கேக்கத்தான் செய்யறேன். வேண்டாம்னாச் சொல்லு, வேற பண்ணிக்கறேன்."

"எனக்கெதுக்குடா அந்த வம்பு? அவனுக்கே குடு."

"அண்ணன் லோன் வாங்கோணும்னா மூணு கையெழுத்து வேணும். உன்னோடது ஒண்ணு. பவர் வாங்குனா என்னோடதும் உன்கிட்ட."

"மூணுல ரெண்டு என்கிட்டயா?"

"ஆமாக்கா. அண்ணன் பங்குல நாம ஒண்ணும் கை வைக்கப் போறதில்ல. பிரிச்சுக் கல்லு நட்டதும் அவரு தாராளமாக் கட்டட்டும். ஆனா அதுவரைக்கும் எந்தத் தாள் வந்தாலும் நீ போடோணும்."

அங்கே யாரோ தண்ணீர் மோட்டாரை நிறுத்தினார்கள். நிறுத்தியது அக்காதான் என்று நினைக்கிறேன்.

"அப்ப ஒவ்வொரு கையெழுத்துக்கும் அவன் இங்க வந்தாகோணும்."

"வராம எப்படிக்கா?"

"வாசப்படி மிதிச்சு."

"ஆமா."

"உள்ள வந்து உக்காந்து."

"நின்னுட்டுப் போட முடியாதில்ல, நாலு பக்கம் நீ படிக்கோணுமே."

அக்கா சிரிக்கவில்லை. பங்குனி, சித்திரை என்று ஆவணி வரைக்கும் முணுமுணுத்து எண்ணினாள்.

"சரி, எம் பேரையே போடு," என்றாள். "தம்பி, ஆவணிக்குள்ள ஒரு பத்துக் கையெழுத்தாச்சும் தேவைப்படற மாதிரி எழுதிப்போடு."